போட்டோவை ஓவியமாக்க எந்த வழி? மூன்று ஆணி, மூன்று படம்

எங்கள் ஹால் சுவரில் மூன்று ஆணிகள் காலியாக இருந்தன. முன்பு குடியிருந்தவர்கள் அடித்துவிட்டுப் போனவை. புதிதாக ஒரு ஆணி அடித்தாலும் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருப்பதால், இருக்கிற மூன்று ஆணிக்கு மூன்று படம் என்று முடிவானது. மூன்றும் நாங்களே எடுத்த போட்டோக்களாக இருக்க வேண்டும், ஆனால் போட்டோவாகத் தொங்கக் கூடாது. இது மனைவி போட்ட நிபந்தனை.

படங்களைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதலாவது, 2007-இல் ஒரு பழைய 2 மெகாபிக்சல் போனில் எடுத்தது. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பத்தா வெற்றிலைக் காம்பு கிள்ளுகிறாள், காதில் தண்டட்டி தொங்குகிறது. இரண்டாவது, பாம்பன் பழைய ரயில் பாலம், பக்கத்துச் சாலைப் பாலத்தின் மேல் நின்று எடுத்தது. 1914-இல் திறந்த பாலம் அது. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுபோனது, 2025 ஏப்ரலில் புதுப் பாலமும் வந்துவிட்டது. மூன்றாவது, மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் குவிந்து கிடக்கும் விடிகாலைப் படம்.

எந்த வழியில் மாற்றுவது என்பதில்தான் இரண்டு மாதம் ஓடியது. 'எது நல்ல முறை' என்று தேடிக்கொண்டிருந்தவரை ஒன்றும் பிடிபடவில்லை. இந்தப் படத்தில் என்ன குறை, எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே முடியாது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் தெளிந்தது.

செலவில்லாத வழியில் தொடங்கினேன். போட்டோஷாப்பில் ஆயில் பெயிண்ட் ஃபில்டர் 2012-இலேயே வந்துவிட்டது. காசு கொடுக்க மனமில்லை என்றால் ஜிம்ப் இருக்கிறது, அதிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. இவை செய்கிற வேலை எளிமையானது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கலந்து, தூரிகையால் இழுத்தது போல வழித்துவிடும். 2015-இல் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆராய்ச்சியாளர்கள், ஒரு போட்டோவில் என்ன இருக்கிறது என்பதையும் ஓர் ஓவியத்தின் பாணியையும் தனித்தனியே பிரித்து ஒன்றாகக் கோக்கும் முறையை வெளியிட்டார்கள். மறு வருடமே பிரிஸ்மா ஆப் வந்து எல்லோருடைய முகத்தையும் வான்கோ வரைந்தது போல ஆக்கியது. அப்புறம் 2025 மார்ச்சில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஏஐ புண்ணியத்தில் ஜிப்லி என்ற ஜப்பானிய அனிமேஷன் நிறுவனத்தின் பாணிக்கு மாறிய கதை உங்களுக்கும் நினைவிருக்கும்.

இந்த வரிசையில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பழைய ஃபில்டர்கள் படத்தில் இருப்பதைத்தான் குழப்பும், இல்லாததைக் கொண்டுவராது. இப்போதைய ஏஐ அப்படியில்லை. உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு, அதைப் போல இன்னொன்றைப் புதிதாக வரைகிறது. அப்பத்தாவின் படத்தைக் கொடுத்தபோது திண்ணை வந்தது, தூண் வந்தது, வெற்றிலைகூட வந்தது. தண்டட்டி மட்டும் ஜிமிக்கி ஆகிவிட்டது. தோள் வரை தொங்கிய காதுமடல் சின்னதாக, ஒழுங்காக, யாரோ ஒருவருடைய காதாக ஆகிவிட்டது. பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர், "நல்லா இருக்குடா, யாரு இந்த அம்மா?" என்றார். அவரைப் பெற்ற அம்மா.

எத்தனை தடவை திருத்திச் சொன்னாலும் அது வளையத்தைப் பெரிதாக்கியதே தவிர தண்டட்டியைத் தரவில்லை. தெரியாத முகம், பொதுவான காட்சி, பிறந்தநாள் அட்டை என்றால் ஏஐ போதும், தாராளமாகச் செய்யலாம். நமக்கு மட்டுமே தெரிந்த ஒன்றுக்காக ஒரு படத்தை வைத்திருக்கிறோம் என்றால் அதை இதனிடம் கொடுக்காமல் இருப்பது நல்லது. முதலில் காணாமல் போவது அந்த ஒன்றுதான்.

அடுத்தது கேன்வாஸ் பிரிண்ட். போட்டோவை அப்படியே கேன்வாஸ் துணியில் அச்சடித்துச் சட்டத்தில் இழுத்துத் தருவார்கள். சிலர் அதன் மேல் தெளிவான ஜெல்லைத் தூரிகையால் பூசி, 'கையால் வரைந்த மாதிரி' மேடு பள்ளம் காட்டுவார்கள். எனக்கு அது பிடிக்காது. தீற்றல் ஒரு திசையிலும் கன்னத்தின் வளைவு இன்னொரு திசையிலும் போய், ஜன்னல் வழியாகப் பக்கவாட்டு வெளிச்சம் பட்டவுடன் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பிரிண்டுக்குக் கணக்கு முக்கியம். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் கேன்வாஸுக்கு இஞ்ச் ஒன்றுக்கு 150 புள்ளி இருந்தால் போதும், கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு 300 வேண்டும். 12 மெகாபிக்சல் போன் படம் 4032-க்கு 3024 புள்ளி. 150-ஆல் வகுத்தால் 27-க்கு 20 இஞ்ச் வருகிறது. பாம்பன் படத்துக்கு அது தாராளம். அப்பத்தாவின் 2007 படமோ 1600-க்கு 1200. பத்தரை இஞ்சுக்கு 8 இஞ்ச், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் பெரிதாக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். பெரிதாக்கும் மென்பொருளும் இல்லாத சுருக்கத்தையும் இல்லாத முடியையும் தானாகச் சேர்ப்பதுதான், ஏஐ செய்ததையே அடக்கமாகச் செய்யும்.

கடைக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் வெறுமனே அனுப்பாதீர்கள். பாதி அளவுக்கோ அதற்கும் கீழேயோ சுருக்கிவிடும். டாக்குமெண்ட்டாக இணைத்து அனுப்பினால் முழுசாகப் போகும்.

அளவிலும் ஒரு வம்பு இருக்கிறது. போன் கேமரா எடுப்பது 4:3 விகிதத்தில், டிஎஸ்எல்ஆர் எடுப்பது 3:2 விகிதத்தில். கடைகளில் வழக்கமாக இருக்கும் 18-க்கு 24 இஞ்ச் கேன்வாஸ் போன் படத்துக்கு அளவெடுத்தது போலப் பொருந்தும். 12-க்கு 18 என்றால் போன் படத்தின் குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும், ஆனால் டிஎஸ்எல்ஆர் படத்துக்கு அதுதான் சரி. இதற்கு மேல், கேன்வாஸைச் சட்டத்தில் மடித்து இழுக்கும்போது சுற்றிலும் ஒன்றரை இஞ்ச் போல ஓரம் பக்கவாட்டுக்குப் போய்விடும். இதைச் சொல்லாத ஒரு கடையில் அக்கா மகளின் காதுகுத்துப் படத்தைக் கொடுத்து வாங்கினோம். குழந்தை நடுவில் அழகாக வந்திருந்தது. மடியில் வைத்திருந்த தாய்மாமனின் முகம் பாதி மடங்கிச் சட்டத்தின் பக்கத்தில் இருந்தது. அந்தத் தாய்மாமன் நான்தான். படத்தைச் சுற்றி இரண்டு இஞ்ச் இடம் விட்டு அச்சடிக்கச் சொல்லுங்கள், அல்லது ஓரத்துக்குத் தனி நிறம் கேளுங்கள். மையும் டையா பிக்மெண்ட்டா என்று கேட்டுவிடுவது நல்லது. வெயில் எட்டுகிற சுவரில் டை மை சீக்கிரம் வெளுக்கும்.

ஆக, அப்பத்தாவுக்கு ஏஐ-யும் இல்லை, பிரிண்ட்டும் இல்லை. ஓவியரிடம் போவதுதான் மிச்சம்.

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. அங்கே படித்து வந்தவர்களில் போர்ட்ரெயிட் வரைந்து கொடுப்பவர்கள் நிறையப் பேர். போட்டோவா ஓவியமா என்று கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்கத் தோன்றும்படி கிராமத்துப் பெண்களை வரைந்த ஓவியர் இளையராஜா கும்பகோணத்துப் பக்கத்துக்காரர்தான். 2021-இல் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. அந்த நேர்த்தி எல்லோருக்கும் வராது. அப்பத்தாவுக்கு அது தேவையும் இல்லை.

நாங்கள் போனது முன்பு சினிமா பேனர் எழுதிய ஒருவரிடம். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது. இப்போது வீட்டிலேயே படம் வரைகிறார். நான் கொடுத்த போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்விகள் இன்னும் காதில் இருக்கின்றன. "மூக்குத்தி ரெண்டு பக்கமா, ஒரு பக்கமா? தண்டட்டி தங்கமா, உள்ளே அரக்கு வெச்சதா? சேலை என்ன கலர்? போட்டோவில் கறுப்பா இருக்கு, கறுப்பு கட்டியிருக்க மாட்டாங்களே?" கட்டவில்லைதான், அது அரக்குச் சேலை. திண்ணை நிழலில் பழைய போன் அதைக் கறுப்பாக்கியிருந்தது. மூக்குத்தி எந்தப் பக்கம் என்று எனக்கே சந்தேகம் வந்து அத்தைக்குப் போன் போட்டேன். அத்தை பதில் சொல்லிவிட்டு அழுதார், அப்புறம் அரை மணி நேரம் பேசினார். அந்த அரை மணி நேரத்தில் தெரிந்த விஷயங்கள் போட்டோவில் இல்லை.

ஓவியரிடம் கொடுக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஒரே ஒரு படத்தைக் கொடுக்காதீர்கள், அதே ஆளின் நாலைந்து படங்களைச் சேர்த்துக் கொடுங்கள். ஒன்றில் கண் தெளிவாக இருக்கும், ஒன்றில் நிறம் சரியாக இருக்கும். செல்ஃபியை மூலப்படமாக வைக்காதீர்கள். கை நீளத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகவும் காது பின்வாங்கியும் இருக்கும். போட்டோவில் பார்க்கும்போது கண் அதை மன்னித்துவிடும், அப்படியே வரைந்தால் கேலிச்சித்திரம் ஆகிவிடும். நேராக ஃப்ளாஷ் அடித்த படமும் உதவாது, முகத்தில் நிழல் இருந்தால்தான் அவருக்கு வேலை நடக்கும். பென்சில் கோட்டு நிலையிலேயே ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். அப்போது தாடையைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை. பெயிண்ட் ஏறிய பிறகு கேட்டால் அவருக்குக் கோபம் வரும், நியாயமாகவே வரும்.

ஆயிலா அக்ரிலிக்கா என்று கேட்பார்கள். முகத்துக்கு ஆயில் இதமாக இருக்கும், மெதுவாகக் காய்வதால் கன்னத்து நிழலை இழைக்க நேரம் கிடைக்கும். ஆனால் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவே நாள்கணக்காகும், மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள். அக்ரிலிக் அரை மணியில் காய்ந்துவிடும். கல்யாண நாளைக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது என்றால் ஆயில் பேச்சையே எடுக்காதீர்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் கரிக்கோல் ஓவியம் அருமையான வழி, கண்ணாடிச் சட்டம் மட்டும் கட்டாயம் வேண்டும். அக்ரிலிக்கில் எங்களுக்கு ஆன செலவு, அதே அளவு பிரிண்ட்டைப் போல ஐந்தாறு மடங்கு. அதில் எனக்கு வருத்தமில்லை.

உரிமை பற்றியும் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து நீங்கள் வரையச் சொன்ன ஓவியத்தின் முதல் உரிமையாளர் நீங்கள்தான், வேறு மாதிரி ஒப்பந்தம் போடாத வரை. அதற்காக ஓவியரின் கையெழுத்தை மூலையில் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், பாவம்.

பாம்பனுக்கு வருவோம். அந்தப் படத்தை மூன்று விதமாக ஃபில்டர் போட்டுப் பார்த்தேன், மூன்றிலும் பாலம் கரைந்து போனது. இரும்புச் சட்டமும் தண்டவாளமும் கோடுகளாகத் தெரிந்தால்தான் அது பாம்பன். வழித்துவிடும் எந்த முறையும் அதைக் கெடுக்கத்தான் செய்யும். அப்படியே பிரிண்ட் போட்டிருக்கலாம், ஆனால் மனைவியின் நிபந்தனை இருக்கிறதே. அப்போதுதான் வெயிலை வைத்துக் காகிதத்தில் நீல நிறப் படம் எடுக்கும் சயனோடைப் முறை நினைவுக்கு வந்தது. இந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்வேன்.

1842-இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்த முறை இது. அடுத்த வருடமே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படி அச்செடுத்து வெளியிட ஆரம்பித்தார். இன்ஜினியர்கள் வருடக்கணக்காக 'ப்ளூபிரிண்ட்' எடுத்ததும் இதே நீலத்தில்தான். இரும்புப் பாலத்துக்கு இரும்பு உப்பால் ஆன படம் பொருத்தமாகத்தானே இருக்கும்!

ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி தண்ணீரிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை இன்னொரு 100 மில்லியிலும் கரைத்துத் தனித்தனிப் பாட்டிலில் வைத்துக்கொள்ள வேண்டும். தேவைப்படும்போது சம அளவு கலந்து, மங்கிய குண்டு பல்பு வெளிச்சத்தில் கெட்டியான வாட்டர்கலர் காகிதத்தில் தூரிகையால் பூசி இருட்டில் காய வைக்க வேண்டும். சயனைடு என்ற பெயரைக் கேட்டு வீட்டில் பயந்தார்கள். ஃபெரிசயனைடில் அந்தச் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது, அதனால் அந்த அளவு ஆபத்தில்லை. ஆனாலும் கெட்டியான ஆசிட் பக்கமும் அடுப்புப் பக்கமும் கொண்டுபோகக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள்.

போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்சம் இருட்டாகவும் இருட்டு வெளிச்சமாகவும் தெரியும் நெகட்டிவாக மாற்றி, ஜெராக்ஸ் கடையில் ஓஎச்பி ஷீட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் பிரிண்ட் எடுத்தேன். லேசர் பிரிண்டரின் கறுப்பு வெயிலைத் தாங்குமளவு அடர்த்தியாக இல்லை. அதனால் இரண்டு ஷீட் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றைச் சரியாகப் பொருத்தி ஒட்டினேன். பூசிய காகிதத்தின் மேல் நெகட்டிவ், அதன் மேல் கண்ணாடி, நாலு கிளிப், நேராக மொட்டை மாடி. நம் ஊர் வெயிலுக்கு ஒரு உபயோகம் உண்டு என்று அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன். மார்ச் மாத உச்சி வெயிலில் எட்டு நிமிடத்தில் காகிதம் வெண்கல நிறத்துக்குப் போய்விட்டது.

முதல் படம் கழுவும்போது வெளுத்து வழிந்தோடியது. காரணம் எங்கள் போர் தண்ணீர். காரத்தன்மை உள்ள தண்ணீர் இந்த நீலத்துக்கு ஆகாது. அலசும் தண்ணீரில் இரண்டு கரண்டி வினிகர் விட்ட பிறகு நடு நிறங்கள் நின்றன. மறுநாள் காற்றுப் பட்டு நீலம் இன்னும் ஆழமானது. கடலும் வானமும் ஒரே நீலத்தின் வெவ்வேறு அழுத்தங்கள், நடுவில் பாலம் மட்டும் கோடு கோடாக. நீலம் கண்ணை உறுத்தினால் கெட்டியான தேயிலை டிகாக்‌ஷனில் ஊறவைக்கலாம், தேயிலையின் துவர்ப்பு அதைப் பழுப்பு கலந்த கறுப்பாக மாற்றும். நான் ஊறவைக்கவில்லை. பாம்பன் நீலமாக இருக்கட்டும்.

இதற்கு ஏற்ற படம் எது என்றால், நிறத்தை எடுத்துவிட்டாலும் நிற்கிற படம். கோபுரம், பனைமரம், சைக்கிள், கோலம் எல்லாம் நன்றாக வரும். பூ மார்க்கெட்டை இதில் போட்டால் ஒரு நீலக் குப்பைதான் மிஞ்சும்.

பூ மார்க்கெட்டுக்கு நானே தூரிகை எடுப்பது என்று துணிந்தேன். துணிச்சலுக்குக் காரணம் உண்டு. பூக்குவியலில் ஒரு செவ்வந்தி இடம் மாறினால் பெரியப்பா கண்டுபிடிக்க மாட்டார். முகத்தில் அரை சென்டிமீட்டர் தப்பினால் ஆளே மாறிவிடும். புதிதாக வரைகிறவர்கள் குழந்தை முகத்தில் ஆரம்பித்து நொந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். மார்க்கெட், மரம், மலை என்று தொடங்குங்கள்.

பேனர்காரர் சொல்லிக்கொடுத்த கட்டம் போடும் முறையைத்தான் பிடித்துக்கொண்டேன். போட்டோவை 6-க்கு 8 இஞ்ச் அளவில் பிரிண்ட் எடுத்து, ஒரு இஞ்சுக்கு ஒரு கோடு. 18-க்கு 24 கேன்வாஸில் மூன்று இஞ்சுக்கு ஒரு கோடு. இரண்டிலும் 48 கட்டம். ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் பார்த்து வரைய வேண்டும். நியூயார்க்கில் சக் குளோஸ் என்ற ஓவியர் இப்படிக் கட்டம் போட்டுத்தான் 1968-இல் தன் முகத்தை ஒன்பது அடி உயரத்துக்கு வரைந்து முடித்தார். நம் அண்ணா சாலையில் அதைவிடப் பெரிய முகங்கள் படம் மாறும்போதெல்லாம் ஏறி இறங்கின.

கட்டம் போடப் பொறுமை இல்லை என்றால், உங்கள் போட்டோவையே எண் போட்ட கேன்வாஸாக, பெயிண்ட் டப்பாக்களோடு அனுப்பும் கிட் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு விடுமுறையில் வாங்கிக் கொடுக்கலாம். நிறங்களைக் குறைத்துவிடுவதால் முகங்கள் கட்டை போல வரும். எம்பிராய்டரி, மரத்தில் சுட்டு எழுதுவது, வைரக்கல் போல ஒட்டுவது எல்லாமும் இருக்கின்றன. எனக்கு அவற்றில் பழக்கமில்லை.

ஃபில்டரை வேறு விதத்தில் பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டும். வரைவதற்கு முன் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 'போஸ்டரைஸ்' என்பதில் நாலே நாலு நிலைகளாகக் குறைத்தேன். எது வெளிச்சம், எது நிழல் என்று பிரிந்து தெரிந்தது. நூறு பூவாகத் தெரிந்த குவியல் ஐந்தாறு பெரிய திட்டுகளாக மாறியது. கையால் வரைகிறவர்களுக்கு கம்ப்யூட்டர் செய்யக்கூடிய உருப்படியான உதவி இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது ஒரு ஆணியில் அப்பத்தா, தண்டட்டியோடு. ஒரு ஆணியில் நீலப் பாம்பன். மூன்றாவது ஆணி இன்னும் காலி, 48 கட்டத்தில் 31 முடிந்திருக்கிறது. செவ்வந்தி மஞ்சள் வந்துவிட்டது. கோழிக்கொண்டைதான் படுத்துகிறது. அழுத்தமான சிவப்பைப் போன் கேமரா தாங்காது, மடிப்பெல்லாம் போய் ஒரே சிவப்புத் திட்டாகத்தான் பதிவாகியிருக்கிறது. என்னிடம் இருக்கிற சிவப்பு ட்யூபோ ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறது, இதற்கு ரோஸ் பக்கம் சாய்கிற சிவப்பு வேண்டும். அடுத்த சனிக்கிழமை மதுரைக்குப் போகும்போது கால் கிலோ கோழிக்கொண்டை வாங்கி வந்து எதிரில் வைத்துக்கொண்டு வரையப் போகிறேன்.